அறிவு முதிர்ந்தோரும் போர்க்காட்சியும்

சினிமாவை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுவாரும் உளர். அதுவே நம் நாட்டு மக்களின் பெரும் பள்ளிக்கூடம் என்று கொள்ளுவாரும் உளர். இருதிறத்தாரும் ஒன்றை மறுத்தல் இயலாது. திரையிற் காணும் பாத்திரங்களைக் கொண்டே நம் இளைஞர் பலர் வீரம் இன்னது, பெருமை இன்னது, முதுமை இன்னது என்று மனத்துள் உருவமைத்துக்கொள்கின்றனர். ஆகலின் ஒரு பாத்திரத்துக்கு எச்செயல் பொருந்தும், எது பொருந்தாது என்று ஆராய்தல் வீண்வேலை ஆகாது. ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட வினா இதுவே: விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் வரும் அறிவு முதிர்ந்த பெரியோரை, வாளெடுத்தும் கையோங்கியும் சண்டையிடுவோராகக் காட்டுதல் தகுமா, தகாதா?

விஞ்ஞானக் கற்பனைப் படமென்பது, இன்று இல்லாத ஒரு கருவியையோ, காணாத ஓர் உலகையோ, இனி வரக்கூடும் ஒரு காலத்தையோ கற்பித்துக்கொண்டு, அதனிடையே மனிதன் எவ்வாறு நடப்பான் என்று காட்டும் கதையாகும். இவ்வகைப் படம் நம் சேலத்துக்குப் புதியதன்று. திருச்செங்கோடு இராமலிங்க முதலியார் சுந்தரம் அவர்கள் 1930-களில் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கப் படக்கம்பெனியாருடன் கூடி, 1952-ஆம் ஆண்டில் 'காடு' என்னும் படத்தை வெளியிட்டது. வனவிலங்குகள் வெருண்டோடி ஊர்களை அழிப்பதன் காரணத்தைத் தேடிச் சென்றோர், பனியுகத்து மயிர்யானைகள் இன்னும் உயிரோடிருத்தலைக் காண்பதே அதன் கதை. பின்னர் 1963-இல், எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. இசையறியாத வேற்றுலகத்தார் இசை கற்பிக்கும்பொருட்டு நம் உலகத்துப் பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்வதாக அக்கதை அமைந்தது. இவ்விரண்டினும் போர் புரிவோர் வயதிற் சிறந்த கட்டிளமையோரே. முதியோர் போர்க்கோலம் பூணுதல் பின்வந்த வழக்கம் என்க.

இனி, முதியோர் போரிடுதல் தகாது என்பாரின் காரணங்களை முதலில் நோக்குவோம்.

முதலாவது, அவர் கூறுவது உடலைப் பற்றியது. எழுபதும் எண்பதும் கடந்தவர் பந்துபோல் துள்ளி வாள் வீசுவாராயின், காண்போர் நம்பார். இத்தடையை விஞ்ஞானக் கற்பனை எளிதிற் கடக்கும். கற்பித்த உலகில் கற்பித்த ஆற்றலுக்குக் குறைவில்லை. ஆதலின் இது வலிய தடை அன்று.

இரண்டாவது, குணத்தைப் பற்றியது. அறிவு முதிர்ந்தோர்க்கு அழகு பொறுமையும் முன்னறிந்து காத்தலும் ஆம். போர் மூளாமற் செய்பவரே அறிஞர். மூண்டபின் முந்திச் செல்பவர் அல்லர். இதற்கு நம் நாட்டுப் பழங்கதையே சான்று. தகடூரை ஆண்ட அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் பகை மூண்டபோது, ஔவையார் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் அதனைப் புகழ்வார்போன்று, இவை நெய் பூசிப் பீலி சூட்டிக் காவலில் வைக்கப்பட்டுள்ளன. எம் வேந்தன் கருவிகளோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்னும் கருத்துப்பட உரைத்ததைப் புறநானூறு காட்டும். போரிற் பழகியவன் யார், பழகாதவன் யார் என்பதை ஒரு சொல்லாலும் வையாமல் விளங்கவைத்தார். தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரையில் நம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊர். அவர் கையில் ஒரு வேலைக் கொடுத்து நாலு பேரை வீழ்த்தச் செய்திருந்தால், அத்தூதின் பெருமை ஏறியிருக்குமா, இறங்கியிருக்குமா என்று அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

திருமறையிலும் இவ்வுண்மையைக் காண்கின்றோம். அமலேக்கியரோடு யோசுவா பள்ளத்தாக்கிற் போர்புரிய, மோசே குன்றின் உச்சியிற் கைகளை உயர்த்தி நின்றார். கை ஓய்ந்தபோது ஆரோனும் ஊரும் இருபுறமும் தாங்கினர் என்று யாத்திராகமம் உரைக்கும். முதியவருக்கு உரிய இடம் குன்றின் உச்சி. இளையவனுக்கு உரியது களம். இருவரும் ஒருவர் இன்றி மற்றவர் வெல்லுதல் இல்லை.

மூன்றாவது தடை கதையமைப்பைப் பற்றியது. எம் கருத்தில் இதுவே மிக வலியது. ஆசிரியரே எல்லாரினும் சிறந்த போர்வீரராயின், மாணவன் எதற்கு? அவனுக்கு வரும் இடரெல்லாம் பொய்யிடர் ஆகிவிடும். மேலும், எவ்வினாவுக்கும் விடை கைவலிமையே என்று கதை சொல்லத் தொடங்கிவிடும்.

நிற்க. தகும் என்பாரின் பக்கத்தையும் ஆராய்தல் முறை. அவர் முதலிற் காட்டுவது பீஷ்மரை. சேலத்தைச் சூழ்ந்த ஊர்களில் விடிய விடிய நடைபெறும் பாரதக் கூத்தைக் கண்டோர்க்கு, நரைத்த தாடியோடு வில்லேந்தி வரும் கிழவர் புதியவர் அல்லர். அறிவிலும் வயதிலும் மூத்த பீஷ்மர் பத்து நாள் சேனைத் தலைவராய்ப் பொருதார். அதனை எவரும் பொருந்தாது என்று இகழ்ந்ததில்லை. ஆயின் அப்போரின் தன்மையை நுணுகி நோக்குதல் வேண்டும். சிகண்டி எதிர்வந்தபோது அவர் வில்லைத் தாழ்த்தினார். தம்மை வெல்லும் வழியைத் தாமே பாண்டவர்க்குக் கூறினார். அம்புப் படுக்கையிற் கிடந்தபடியே தருமனுக்கு அரசநீதி உரைத்தார். அவருடைய வீரத்தினும், வீரத்துக்கு அவர் இட்ட வரம்பே நம் நெஞ்சில் நிற்கின்றது.

இனி மேல்நாட்டுப் படமொன்றை எடுத்துக்கொள்வோம். இவ்வினா உலகெங்கும் எழக் காரணமாயிருந்தது அதுவே. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், ஓபி-வான் கெனோபி என்னும் முதிய ஆசானாக அலெக் கின்னஸ் நடித்தார். தம் பழைய மாணவனாகிய டார்த் வேடரோடு ஒளிவாட்போர் புரியும் அவர், தம் இளைய மாணவன் தப்புதற்கு வழிபிறந்தமை கண்டு, வாளை நிமிர்த்திப் பிடித்து, எதிர்த்து வீசாமல் வெட்டுண்டு மறைகின்றார். 1980-இல் வந்த அடுத்த படத்தில் யோடா என்னும் மற்றோர் ஆசான் தோன்றினார். குள்ளமான உருவம், கையில் ஊன்றுகோல், போர் ஒருவனைப் பெரியவனாக்காது என்பது அவர் போதனை. சேற்றில் அமிழ்ந்த விமானத்தைக் கண்மூடி நின்று மனவலிமையால் தூக்கிக் கரைசேர்த்ததே அவர் காட்டிய ஆற்றல். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 2002-இல் வந்த படத்தில் அதே யோடா ஊன்றுகோலை விட்டு, ஒளிவாளை ஏந்தி, சக்கரம்போற் சுழன்று பாய்ந்தார். எதிர்நின்ற கவுண்ட் டூக்குவாக நடித்த கிறிஸ்டபர் லீக்கு அப்போது வயது எண்பதை நெருங்கியிருந்தது. திரையரங்குகளில் ஆரவாரம் எழுந்தது. அதனோடு வருத்தமும் எழுந்தது. போரை இகழ்ந்த ஞானி போரால் கைதட்டல் பெறுவதா என்பதே வருந்தினோர் கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆனால் அக்காட்சியின் முடிவை அவர்கள் போதிய அளவு எண்ணவில்லை என்பது எம் கருத்து. டூக்கு வெல்லமுடியாமல், காயமுற்றுக் கிடந்த இளைஞர் இருவர்மேல் பெருந்தூணொன்றைச் சாய்க்கின்றான். யோடாவுக்கு இருவழியே உள்ளன: பகைவனைத் தொடர்ந்து வெல்லலாம், அல்லது தூணைத் தாங்கி இளைஞரைக் காக்கலாம். அவர் வாளை விட்டுத் தூணைத் தாங்குகின்றார். பகைவன் தப்பிச் செல்கின்றான். பின்னர்க் கீழே கிடந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பழைய கிழவராகவே தளர்ந்து நிற்கின்றார். அக்காட்சியின் அறிவுப்பகுதி அத்தூணில் இருக்கின்றது, பாய்ச்சலில் இல்லை. பாய்ச்சலை நீட்டித் தூணைச் சுருக்கியதே படம் எடுத்தோரின் குறை. 2017-இல் வந்த மற்றொரு படத்தில் முதுமையுற்ற லூக் ஸ்கைவாக்கர், தம் நிழலுருவை மட்டும் பகைவன்முன் நிறுத்தி, ஓர் அடியும் அடியாமல், தம்மவர் தப்புமளவும் படையைத் தடுத்து நிறுத்துகின்றார். சண்டைக்காட்சியை விரும்புவோரும் அறிவை விரும்புவோரும் ஒருங்கே நிறைவடையத்தக்க அமைப்பு அது.

நம் நாட்டுப் படங்களுக்கு வருவோம். 2018-இல் வெளிவந்த ஷங்கரின் '2.0' படத்தில் பட்சிராஜன் என்னும் முதிய பறவைநூல் அறிஞர் வருகின்றார். அக்ஷய்குமார் அவ்வேடம் பூண்டார். செல்பேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிகின்றன என்று அவர் முறையிடுகின்றார், வழக்காடித் தோற்கின்றார், கோபுரமொன்றிலேயே உயிர் துறக்கின்றார். அவ்வலைகளே பறவைகளைக் கொல்கின்றன என்பது விஞ்ஞானத்தால் நிறுவப்பட்டதன்று. எனினும் பறவைக்காக ஒருவர் மன்றாடுவதில் ஓர் அறம் உண்டு. இறந்தபின் அவர் செல்பேசிகளால் இயன்ற பேருருவப் பறவையாகி மனிதரைக் கொல்லத் தொடங்குகின்றார். இங்கேதான் இழப்பு நேர்கின்றது. கேள்வி கேட்ட முதியவர் பூதமாகின்றார். பூதத்தை எந்திரன் வெல்லுகின்றான். கேள்வியும் பூதத்தோடு வீழ்ந்துவிடுகின்றது. இறுதியில் அவர் சொன்னதில் உண்மை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் சில சொற்கள் வருகின்றன. ஆயினும் மைதானத்தில் நிகழ்ந்த பெரும்போரின் முழக்கத்தில் அச்சொற்கள் கேளாமற் போயின.

2024-இல் தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழிலும் வெளிவந்த 'கல்கி 2898 ஏ.டி.' இதற்கு நேர்மாறானது. அதில் அசுவத்தாமனாக நடித்த அமிதாப் பச்சனுக்கு அப்போது அகவை எண்பத்தொன்று. பாரதத்தில், உத்தரையின் கருவிலிருந்த சிசுவின்மேல் அத்திரம் ஏவிய பாவத்துக்காகக் கண்ணனாற் சபிக்கப்பட்டவன் அசுவத்தாமன். அவனே நெடுங்காலம் கழித்து, எதிர்கால உலகில், கருவுற்ற பெண்ணொருத்தியைக் காக்கும்பொருட்டு எழுந்து நிற்கின்றான். கருவை அழிக்கப் புகுந்த கையே கருவைக் காக்கின்றது. அவனுடைய ஒவ்வோர் அடியும் பழம்பாவத்துக்குக் கழுவாய் ஆகின்றது. இளையவனாகிய பைரவன் கூலிக்குப் பொருகின்றான். கிழவன் கடனுக்குப் பொருகின்றான். இவ்வேறுபாடு தெளிவாயிருத்தலின், அவன் போர்க்கோலம் நம் கண்ணை உறுத்தவில்லை. சில சண்டைகள் மிக நீண்டன என்பது வேறு குறை.

இவற்றால் யாம் காணும் முடிபு இதுவாகும். முதியவர் போரிடுதல் தானே தகாதது அன்று. அப்போர் அவருடைய வாழ்க்கையினின்றும் அறிவினின்றும் பிறத்தல் வேண்டும். இளையவன் செய்யக்கூடிய ஒன்றை அவர் பறித்துச் செய்தல் கூடாது. வெற்றியினும் காத்தலையே அவர் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சண்டை முடிந்தபின் அவர் சொன்ன சொல்லும் நிலைத்திருத்தல் வேண்டும். சண்டைக்குப்பின் அச்சொல் மறந்துபோமாயின், அச்சண்டை அவர்க்குப் பொருந்தாதது என்று துணியலாம்.

இது படக்கதையளவில் நிற்கும் ஆராய்ச்சி என்று மாணவ அன்பர்கள் எண்ணற்க. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில், சம்மட்டியைத் தூக்க வலியற்ற முதியவர், தட்டும் ஓசை கேட்டே இணைப்புச் சரியில்லை என்று கூறிவிடுவார். சேலத்துத் தறிக்கூடங்களில், கண் மங்கிய பெரியவர் விரலால் தடவியே இழைக்குற்றம் அறிவார். இவர்கள் எவரும் பாய்ந்து நால்வரை வீழ்த்தப்போவதில்லை. அறிவுடைய கிழவன் தன் அறிவை இறுதியிற் கைவலிமையாற் காட்டித்தான் தீரவேண்டும் என்று திரை நமக்கு ஓயாது கற்பிக்குமாயின், காட்ட இயலாத இம்முதியோரை நாம் எவ்வாறு மதிக்கப் பழகுவோம்? திண்ணையிற் கிடக்கும் பாட்டனார் சொல்லைக் கேளாமற் போவதற்கு அதுவும் ஒரு காரணம் ஆகிவிடாதா?

போர் என்னும் சொல்லுக்கு நம் நிலத்திலேயே வேறு பொருள் கண்டோர் இருந்தனர். சேலத்தில் வக்கீலாயிருந்து, நகரசபைத் தலைமையும் தாங்கி, 1925-இல் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிய இராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை நடத்தினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று, மெலிந்த உடம்பு. ஆயுதமற்ற அறப்போர் இது என்னும் கருத்தமைந்த வழிநடைப் பாட்டை அப்படைக்கு இயற்றித் தந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. தொண்டர்கள் தடியடி பட்டனர், கையோங்கவில்லை. அதனைப் போர் அன்று என்று கூறத் துணிவார் எவருமிலர்.

வருங்காலத்தில் நம் கல்லூரி மாணவரிற் சிலர் படக்கதை எழுதவும் கூடும். வேற்றுலகத்தையும் வருங்கால நகரத்தையும் அவர்கள் கற்பித்து எழுதுக. அங்கே ஒரு முதியவரையும் படைக்குக. வேண்டுமாயின் அவர் கையில் வாளையும் கொடுக்குக. ஆனால் அவர் வாளைக் கீழே வைக்கும் கணத்தை, வீசும் கணத்தினும் நன்றாக எழுதுக. அங்ஙனம் எழுதப்பட்ட காட்சியைக் கண்டு வீடு திரும்பும் இளைஞன், வீட்டிலுள்ள கிழவரைச் சற்றே உற்று நோக்குவான் என்பது எம் துணிபு.