கொழுகொழு குழந்தை ஏன்?

நீரிழிவுள்ள தாய்மார் சிலருக்கு நான்கு கிலோவுக்கும் அதிக எடையுடன் குழந்தை பிறப்பதுண்டு. கொழுகொழுவென்று இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடலாமா? காரணத்தைப் பாருங்கள்.

தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. தாயின் இன்சுலினோ கடப்பதில்லை. எனவே, மிகுதியாக வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் கருவின் கணையமே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. கருவின் உடலில் கொழுப்பு சேர்கிறது, பிரசவம் கடினமாகிறது.

தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. குழந்தையின் இன்சுலின் சுரப்போ உடனே குறைவதில்லை. இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து வலிப்புகூட வரலாம்.

தடுக்க வழியுண்டு. கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். சர்க்கரை 100 மி.லி.க்கு 140 மி.கி.யை எட்டினால் அது கர்ப்பகால நீரிழிவு. உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, தேவையானால் இன்சுலின் ஆகியவை தாயையும் சேயையும் காக்கும்.