டொக்... டொக்... யாரங்கே?

விடியற்காலை. திரேஸ்புரத்தில் மீன் ஏற்றிய லோடு ஆட்டோ, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டக் கிளம்புகிறது. டிரைவர் கியரைப் போடுகிறார். அடியிலிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு 'டொக்!'

இதற்கு நம் ஆட்கள் செய்யும் முதல் வைத்தியம், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பது. அது பலிக்காவிட்டால்தான் மெக்கானிக்.

"அண்ணாச்சி, வண்டி டொக்கு டொக்குங்கு!"

"எப்பம் கேக்கு? கியர் போடையிலா, திரும்பையிலா?"

"எப்பமும்தான்."

"அப்படிச் சொன்னா பாதி வண்டியப் பிரிக்கணும். சரியா?"

விவரமான மெக்கானிக் இப்படித்தான் கேட்பார். சத்தம் எப்போது வருகிறது என்று சொல்லத் தெரிந்துவிட்டால், பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

மோட்டார் சைக்கிளில் இன்ஜினின் பலம் ஒரே பின் சக்கரத்துக்குப் போகிறது. ஆட்டோவில் இரண்டுக்கும் போக வேண்டும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். அதற்காகத்தான் டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரக் கூட்டம். அதிலிருந்து இரு பக்கமும் ஆக்சில், முனைகளில் ஜாயின்ட், கிரீஸைக் காக்க மேலே ஒரு ரப்பர் உறை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தாலே போதும், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய 'டொக்' ஆகிவிடும்.

எப்போது? ஏன்?

நின்றபடி முதல் கியர் போடும்போது மட்டும் கேட்கிறதா? ஐட்லிங் அதிகமாக இருக்கலாம். அல்லது கிளட்ச் கேபிள் தொய்ந்திருக்கலாம். லீவரை முழுக்கப் பிடித்தும் கிளட்ச் முழுசாக விடாது. இரண்டையும் சரிசெய்ய டீ ஆறுகிற நேரம் போதும். லேசான 'டிக்' என்றால் கவலை வேண்டாம், அது கியரின் பிறவிக் குணம்.

கியர் தானாக நழுவுகிறதா? முதலில் கியர் கேபிளைப் பாருங்கள். அது சரியாக இருந்தால்தான் கியர்பாக்ஸைத் தொட வேண்டும்.

ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் தட்டுகிறதா? ஆக்சில் ஜாயின்ட், டிஃபரன்ஷியல், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் - மூன்றில் ஒன்று. வளைவில் மட்டும் என்றால் முதல் சந்தேகம் ஜாயின்ட் மேல். பள்ளத்தில் மட்டும் என்றால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். பாவம், கியர்பாக்ஸ் நிரபராதி!

உப்பு செய்யும் வேலை

ஊருக்கே சோறு போடும் உப்புதான் இந்த ஊர் வண்டிகளுக்கு எமன். உப்பளப் பக்கம் ஓடும் வண்டியில் ரப்பர் உறை ஓர் இடத்தில் கிழிந்தால் போதும். உப்புத் தண்ணீரும் மண்ணும் உள்ளே புகுந்து, கிரீஸோடு சேர்ந்து அம்மியில் வைத்த மாதிரி அரைக்க ஆரம்பித்துவிடும். மீன் வண்டிக்கு மேலிருந்தும் உப்புத் தண்ணீர் வடிகிறது. கிழிந்த உறையை அன்றைக்கே மாற்றினால் சில்லறைச் செலவு. விட்டால் ஜாயின்டே போகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! அப்படி மூழ்கி எழுந்த வண்டியென்றால் கியர் ஆயிலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உடனே மாற்ற வேண்டும். வடித்த ஆயிலில் இரும்புத் துணுக்கு மின்னினால் பல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நீங்களே பார்க்கலாம்

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, கீழே பலமான முட்டும் கொடுங்கள். கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடுவது இயல்பு. சக்கரம் அசைந்தும் ஆக்சில் சும்மா இருந்தால் தேய்மானம் வெளி ஜாயின்டில். ஆக்சிலும் சேர்ந்து ஆடினால் உள் ஜாயின்ட் அல்லது டிஃபரன்ஷியல். வண்டிக்கு அடியில் மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள்.

"ஒரு ஆக்சில் போனா இன்னொண்ணு இழுத்துட்டுப் போயிராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போகாது! டிஃபரன்ஷியலின் குணம் அப்படி. உடைந்த பக்கம்தான் சும்மா சுற்றும். நல்ல சக்கரம் நகராது. இன்ஜின் அலறும், வண்டி நிற்கும், ஐஸ் கரையும், மீன் விலை இறங்கும். மேட்டில் என்றால் கியர் பிடிமானமும் போய் வண்டி பின்னால் உருள ஆரம்பிக்கும்.

கியரே வேண்டாத எலக்ட்ரிக் ஆட்டோ வந்துவிட்டதே என்கிறீர்களா? அவற்றிலும் பெரும்பாலானவற்றில் டிஃபரன்ஷியலும் ஆக்சிலும் உண்டு. இன்ஜின் இரைச்சல் இல்லாததால் 'டொக்' இன்னும் தெளிவாகக் கேட்கும்!

இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். மூழ்கியவர் கயிற்றை அசைத்தால், படகில் இருப்பவர் அந்தக் கணமே மேலே இழுத்தாக வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்லே" என்று அங்கே யாரும் சொன்னதில்லை. 'டொக்' கேட்கும் டிரைவர் அண்ணாச்சிகளும் சொல்ல வேண்டாம். பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். வண்டி என்ன பாடுகிறது என்று முதலில் கேளுங்கள்!