சரிக்குச் சரி மாற்றினால் சமமாகுமா?

சதுரங்கத்தைப் பற்றி ஒரு வியாபாரி எழுதுவதா என்று அன்பர்கள் நினைக்கலாம். காய் வெட்டும் கணக்கும் கடைக் கணக்கும் ஒன்றுதான் என்பது அடியேன் எண்ணம். ஓர் ஆட்டத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டம், அதுவே கடைசி. சென்னைப் பிள்ளை குகேஷின் தரப்புள்ளி 2783. சீனத்து டிங் லிரெனுக்கு 2728. அதுவரை ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிசம்பரில் நம் மின்னி பேயில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிட்டு, கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

54 நகர்த்தல் முடிந்தபோது ராஜா போக இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி (ரூக், பிஷப் என்பார்கள்). சிப்பாய் மட்டும் குகேஷுக்கு இரண்டு, டிங்குக்கு ஒன்று. காய்கள் பலகையில் இருக்கும்வரை இந்தக் குறையைத் தாங்கலாம். டிரா ஆகியிருக்க வேண்டிய ஆட்டம். ஆனால் 55ஆவது நகர்த்தலில் டிங் யானைக்கு யானை மாற்ற முன்வந்தார். குகேஷ் வெட்டினார், டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. உடனே குகேஷின் மந்திரி நடுவில் வந்து எதிர் மந்திரிக்கு நேராக நின்றது. டிங்கின் மந்திரியோ மூலைக்கட்டத்தில் முடங்கிக் கிடந்தது. அதற்கு இருந்தது ஒரே கோடு. அதில் எங்கே நின்றாலும் வெட்டுத்தான். ஆக, அதுவும் மாறிப்போச்சு. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும். 58ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன். அதற்குமுன் 1985இல் காஸ்பரோவ் 22 வயதில் வென்றதே சாதனை.

இரண்டு மாற்றும் சரிக்குச் சரிதான். பின் ஏன் தோல்வி? கூடுதலாக உள்ளவன் காய்களை மாற்றலாம்; குறைவாக உள்ளவன் காய்களைக் காத்து, சிப்பாய்களையே மாற்றப் பார்க்கவேண்டும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். இங்கே கடை வைத்த புதிதில் எதிர்க்கடைக்காரர் அரிசி விலையைக் குறைத்தார். நானும் குறைத்தேன். ஒரு வருஷத்தில் ஆளுக்கு ஒரு லட்சம் நஷ்டம். சரிக்குச் சரிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவர் முதல் மூன்று லட்சம் என்பது பிறகுதான் தெரிந்தது. என் முதல் ஒன்றேகால். அவருக்கு இரண்டு லட்சம் மிச்சம், எனக்குக் கால் லட்சம்! வீட்டுக்காரம்மா நகை அடகுக்குப் போய்த்தான் கடை நிமிர்ந்தது.

நம் பிள்ளைகள் பலகைமுன் உட்காரும்போது இதைச் சொல்லிக்கொடுங்கள்: வெட்டுமுன் போகிற காயை மட்டும் எண்ணாதே, மிஞ்சுகிற காயையும் எண்ணு.