டேவ் பியட்ரமாலா

டேவ் பியட்ரமாலா ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த முன்னாள் லக்ரோஸ் ஆட்டக்காரரும் பயிற்றுநரும் ஆவார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அணியில் ஆடிப் புகழ்பெற்ற இவர், பின்னர் அதே அணிக்கு 20 பருவங்கள் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். அப்பொறுப்பை ஏற்கும் முன்னரும், அதிலிருந்து விலகிய பின்னரும் இவர் துணைப் பயிற்றுநராகப் பணியாற்றியுள்ளார்.

ஆட்டக்காரராக

லக்ரோஸ் வட அமெரிக்கத் தொல்குடியினரிடமிருந்து வந்த ஆட்டம். நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தியும் எறிந்தும் கோலுக்குள் செலுத்துவர். ஆடவர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணியிலும் 10 பேர் களத்தில் இருப்பர். தாக்கும் ஆட்டக்காரர்களின் மட்டை 40 முதல் 42 அங்குல நீளம் கொண்டது; தற்காப்பு ஆட்டக்காரர்களின் மட்டை 72 அங்குலம் வரை இருக்கலாம். பியட்ரமாலா இந்த நீண்ட மட்டையைக் கொண்டு ஆடியவர்.

1987ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தை 11-10 என்ற கணக்கில் வென்ற ஹாப்கின்ஸ் அணியில் இவர் இருந்தார. அப்பொழுது அவ்வணியின் தற்காப்பைக் கவனித்த துணைப் பயிற்றுநர் பில் டியர்னி ஆவார். டியர்னி பின்னாளில் பிரின்ஸ்டன், டென்வர் பல்கலைக்கழகங்களின் தலைமைப் பயிற்றுநராக ஏழு தேசியப் பட்டங்களை வென்றார். பியட்ரமாலாவின் கடைசிக் கல்லூரி ஆட்டம் 1989 இறுதியாட்டம். அதில் கேரி கெயிட் ஆடிய சிரக்கியூஸ் அணி 13-12 என்று வென்றது.

துணைப் பயிற்றுநரின் பணி

1990களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், லயோலா, பென்சில்வேனியா ஆகிய பல்கலைக்கழகங்களில் பியட்ரமாலா துணைப் பயிற்றுநராக இருந்தார். கல்லூரி லக்ரோசில் தாக்குதல், தற்காப்பு ஆகியவற்றைத் துணைப் பயிற்றுநர்கள் தமக்குள் பிரித்துக்கொள்வது வழக்கம். தற்காப்பைப் பார்ப்பவர் எதிரணியின் ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, யார் எந்தக் கையால் எறிகிறார், எங்கிருந்து ஓடி வருகிறார் என்பதைக் குறித்துவைப்பார். ஒரு தற்காப்பாளர் ஏமாற்றப்பட்டால் அடுத்தவர் தாம் காவல் காக்கும் ஆளை விட்டுவிட்டு உதவிக்கு விரைய வேண்டும். இதனை 'ஸ்லைடு' என்பர். யார் போவது, எப்போது போவது, அவர் விட்டுச்சென்ற ஆளை யார் பிடிப்பது என்பதே பயிற்சியின் பெரும்பகுதி. ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் கோல்தான்.

இவற்றுடன் பள்ளி மாணவர்களின் ஆட்டங்களைப் பார்த்து அணிக்கு ஆள் சேர்ப்பதும் இவர்கள் வேலையே. முதற்பிரிவுக் கல்லூரிகளில் சம்பளம் பெறாத 'தன்னார்வப் பயிற்றுநர்' என்றொரு பதவியும் இருந்தது. அது 2023 சூலை 1 முதல் நீக்கப்பட்டது. இவ்வளவு உழைப்பும் ஏடுகளில் தெரிவதில்லை. வெற்றி தோல்விக் கணக்கு தலைமைப் பயிற்றுநரின் பெயரிலேயே எழுதப்படுகிறது.

தலைமைப் பயிற்றுநராக

பியட்ரமாலா 1998 முதல் 2000 வரை கோர்னெலிலும், 2001 முதல் ஹாப்கின்சிலும் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் டியூக் அணியை இறுதியாட்டங்களில் வென்று ஹாப்கின்ஸ் பட்டம் பெற்றது. இரண்டிலும் வேறுபாடு ஒரே கோல். 2013இல் ஹாப்கின்ஸ் 1971க்குப் பின் முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குத் தகுதிபெறத் தவறியது. 207 வெற்றிகளுடன் இவர் 2020 ஏப்ரலில் விலகினார்.

மீண்டும் துணைப் பயிற்றுநராக

20 ஆண்டுகள் தலைமை வகித்தவர் மற்றொருவருக்குக் கீழே பணியாற்ற வருவது அரிது. பியட்ரமாலா 2021 பருவத்தில் ஜோ பிரெஸ்கியின் வட கரோலினா அணிக்குத் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் ஆனார். அவ்வணி அரையிறுதி வரை சென்று வர்ஜீனியாவிடம் 12-11 என்று தோற்றது. அடுத்து 2022 பருவத்தில் சிரக்கியூசில் அதே பொறுப்பை ஏற்றார். அங்கே தலைமைப் பயிற்றுநர், 1989இல் எதிரணியில் ஆடிய அதே கேரி கெயிட். அப்பருவத்தில் சிரக்கியூஸ் 4 ஆட்டங்களில் வென்று 10இல் தோற்றது. அந்தக் கணக்கு கெயிட்டின் பெயரில் பதிவாகியுள்ளது.