உப்புக் காற்றும் ஒலிபெருக்கியும்

புத்தளம் உப்பளங்களில் நீரை வற்றச்செய்து உப்பு விளையத் துணைபுரியும் கடற்காற்றே, அக்கரையிலுள்ள பழைய கிற்றார் ஒலிபெருக்கிகளுக்குப் பகையுமாகும். 1947 இல் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிற்றர், வெற்றிடக் குழாயின் இடத்தைப் பெற்றதனால் எழுந்தவை இக்கருவிகள்.

இவற்றிற் கரகரப்பு எழுமாயின், திரான்சிற்றரே கெட்டதென்று முடிவுசெய்தல் ஆகாது. களிம்பேறிய இணைப்புகளையும் சுழல் குமிழ்களையும் முதலில் துப்புரவு செய்தல் வேண்டும். ஓயாத முரல்வொலி கேட்குமாயின், மின்வழங்கியிலுள்ள கொள்ளளவியின் உட்திரவம் உலர்ந்திருத்தல் கூடும். அதனை மாற்றுதல் தகும். ஆனால், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் எஞ்சிநிற்கும். தடையி ஒன்றின் வழியாக அதனை இறக்கி, மானியால் அளந்தறிந்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும்.

மீண்டும் மின்னூட்டும்போது இழைமின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்தல் நலம். அது ஒளி குன்றாது எரியுமாயின், உள்ளே குறுஞ்சுற்று உண்டென ஐயுற்று உடனே நிறுத்துக. அக்காலத் திரான்சிற்றர்கள் சில இன்று கிடைத்தற்கரியன. அவசரத்தாற் கருகியதை மீட்டல் எளிதன்று.