எனாமல் பூசிய இரும்புச் சட்டி... அந்த விலைக்குத் தகுமா?

நான்-ஸ்டிக் பாத்திரங்கள் மீது சந்தேகம் வந்த பிறகு, பல வீடுகளில் இரும்புச் சட்டி மறுபடியும் அடுப்பேறியிருக்கிறது. அதே வேகத்தில் இன்னொரு சரக்கும் சந்தைக்கு வந்திருக்கிறது. உள்ளே வெள்ளையாக, வெளியே சிவப்பு, நீலம், பச்சை என்று பளபளக்கும் ‘எனாமல் பூசிய வார்ப்பு இரும்பு’ பாத்திரம். ‘துருப்பிடிக்காது, புளி ஊற்றினாலும் கறுக்காது, பழக்க வேண்டிய வேலையும் இல்லை’ என்று சொல்லி விற்கிறார்கள். சாதாரண வார்ப்பு இரும்புச் சட்டி ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். எனாமல் பூசியதற்கு அதைப்போல சில மடங்கு விலை. வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் பல பத்தாயிரங்களைத் தொடும். அந்தப் பணத்தில் கறவை மாட்டுக்குச் சில மூட்டை தீவனம் இறக்கிவிடலாம். எனவே, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

எனாமல் என்பது என்ன?

எனாமல் என்பது பெயின்ட் அல்ல, கண்ணாடி. கண்ணாடியைத் தூளாக்கி, வார்த்தெடுத்த இரும்பின் மேல் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் சூளையில் வைப்பார்கள். தூள் உருகி, இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பழைய பீங்கான் தட்டுகளையும், ஆஸ்பத்திரிகளில் இருந்த வெள்ளைப் பேசின்களையும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அவை தகட்டின் மேல் எனாமல் பூசியவை. இது கனமான வார்ப்பின் மேல் பூசியது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான். புளிப்புப் பண்டம் உலோகத்தைத் தொடக்கூடாது என்பதற்கான தடுப்பு அது. ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. ஈயம் தேய்ந்தால் மறுபடியும் பூசிக்கொள்ளலாம். எனாமல் உடைந்தால் ஊரில் யாரும் பூசித் தர முடியாது. அந்தப் பாத்திரத்தின் ஆயுள் அந்தப் பூச்சின் ஆயுள்தான்.

பிறந்த இடமும் செய்யும் வேலையும்

இந்த வகைப் பாத்திரங்களில் உலகம் முழுக்கப் பெயர்பெற்ற ‘லே குருசே’ நிறுவனம், பிரான்ஸ் நாட்டில் 1925-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அந்த ஊர்ச் சமையலில் இறைச்சியையும் காய்கறியையும் சேர்த்து, கனத்த மூடி போட்டு, சிறுதீயிலோ அவனுக்குள்ளோ இரண்டு, மூன்று மணி நேரம் வேகவிடுவார்கள். ஒயின், தக்காளி போன்ற புளிப்புச் சரக்கும் அதில் சேரும். ரொட்டியையும் அதிலேயே சுடுவார்கள். சூட்டைப் பிடித்துவைக்கும் கனமும், புளிப்புக்கு அசையாத கண்ணாடியும் அந்த வேலைக்கு மிகப் பொருத்தம்.

நம் அடுப்பில் நடக்கும் வேலை வேறு. எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் பொரியவிடுகிறோம். வெறும் சட்டியைச் சூடாக்கி மல்லி, மிளகாய் வறுக்கிறோம். கடுகு கருகும் என்றால் சட்டென்று தண்ணீர் ஊற்றுகிறோம். எனாமலுக்கு ஆகாதவை இவைதான். சூடேறும்போது இரும்பு விரிவதும் கண்ணாடி விரிவதும் ஒரே அளவில் இருக்காது. வெறும் சட்டி அதிகமாகக் காய்ந்தாலோ, காய்ந்த சட்டியில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலோ பூச்சில் விரிசல் விழும். இரும்புக் கரண்டியால் தட்டினாலும், கம்பி நாரால் தேய்த்தாலும் கீறல் விழும். விறகடுப்பில் தீயைச் சீராக வைப்பதும் கடினம்.

கனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 5 லிட்டர் பாத்திரம் மூடியோடு சேர்த்து 5 கிலோ அளவுக்கு வரும். குழம்போடு தூக்கினால் 10 கிலோவை நெருங்கும். கை நழுவி விழுந்தால் பூச்சு சில்லாகப் பெயர்ந்துவிடும். உள்பக்கம் பெயர்ந்த பாத்திரத்தில் சமைக்கக் கூடாது. கண்ணாடிச் சில்லு சாப்பாட்டில் கலக்கும் ஆபத்து உண்டு.

இரும்பைத் தடுப்பது லாபமா, நஷ்டமா?

முக்கியமான கேள்வி இதுதான். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. வெறும் இரும்புச் சட்டியில் சமைத்தால், அந்த இரும்பில் கொஞ்சம் உணவில் இறங்கும். புளிப்பும் ஈரமும் அதிகமாக இருந்து, நேரமும் கூடினால் இரும்பும் கூடும். அமெரிக்காவில் 1986-ல் வெளியான ஓர் ஆய்வில், 100 கிராம் தக்காளிச் சாஸில் 0.61 மில்லிகிராமாக இருந்த இரும்புச்சத்து, இரும்புச் சட்டியில் சமைத்த பிறகு 5.77 மில்லிகிராமாக உயர்ந்தது.

எத்தியோப்பியாவில் 400-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, 1999-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. சில வீடுகளுக்கு இரும்புப் பானையும், சில வீடுகளுக்கு அலுமினியப் பானையும் கொடுத்தார்கள். ஓராண்டில், இரும்புப் பானையில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளின் ஹீமோகுளோபின் 1.7 கிராம் கூடியது. அலுமினியப் பானை வீட்டுக் குழந்தைகளுக்குக் கூடியது 0.4 கிராம்தான்.

எனாமல் பூசிய சட்டியில் இந்தப் பலன் கிடைக்காது. கண்ணாடி இரும்பை அடைத்துவைத்துவிடுகிறது. ‘இரும்புச் சட்டி, அதனால் இரும்புச்சத்து’ என்று நினைத்து இதை வாங்குபவர்கள் ஏமாந்து போவார்கள். அதேசமயம், ரத்தசோகைக்குச் சட்டி மட்டுமே மருந்தல்ல. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. தலசீமியா போன்ற பிரச்னையால் உடலில் இரும்பு சேரும் நிலை உள்ளவர்கள், வெறும் இரும்பில் சமைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு சட்டி போதும்

எனாமலின் பெரிய பலன், புளிப்போடு சேராமல் இருப்பது. நம் வீடுகளில் புளிக்குழம்புக்கும் மீன்குழம்புக்கும் மண்சட்டியோ, மாக்கல்லில் கடைந்த கல்சட்டியோ இருக்கிறது. மண்சட்டி சில நூறு ரூபாய்தான். உடைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஆக, பொரியல், வறுவல், தாளிப்புக்கு ஒரு வார்ப்பு இரும்புச் சட்டி, புளிப்புக்கு ஒரு மண்சட்டி. இரண்டும் சேர்ந்தாலும் ஓர் எனாமல் பாத்திரத்தின் விலைக்குப் பாதிகூட வராது. இரும்பு துருப்பிடித்தாலும் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிப் பழக்கினால் பழையபடி உழைக்கும்.

எனாமல் யாருக்குத் தகும்? கேஸ் அல்லது இண்டக்‌ஷன் அடுப்பில் மட்டும் சமைப்பவர்கள், அடிக்கடி சிறுதீயில் நீண்ட நேரம் வேகவைப்பவர்கள், அவனில் ரொட்டி சுடுபவர்கள், பாத்திரத்தைப் பொறுமையாகப் புழங்குபவர்கள் வாங்கலாம். அப்படி வாங்கும்போது, கீழே விழுந்தோ, சூட்டு அதிர்ச்சியாலோ பூச்சு பெயர்ந்தால் மாற்றித் தருவார்களா என்று வாரன்ட்டி அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதற்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். கடன் வாங்கியோ, தவணையிலோ வாங்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

இரும்புச் சட்டி வாங்கும்போதும் பழக்கும்போதும்...

1. சட்டியைத் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டினால் மணிபோலக் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒலி மங்கினால் விரிசல் இருக்கலாம்.

2. புதுச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, வடிகஞ்சி ஊற்றி இரண்டு, மூன்று நாள் வைக்க வேண்டும். தினமும் கஞ்சியை மாற்ற வேண்டும்.

3. கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவி, லேசாகப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். இதை மூன்று, நான்கு முறை செய்யலாம். எண்ணெய் கெட்டியாகி, கறுப்புப் படலமாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு, வெங்காயத்தை வதக்கிக் கொட்டிவிட்டால் சட்டி தயார்.

4. சமைத்து முடித்ததும் உணவை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அப்படியே விட்டால் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்.

5. கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் துரு அண்டாது.

6. சாப்பாட்டோடு நெல்லிக்காயோ, எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது குறையும்.

பரணில் பாட்டி காலத்து இரும்புச் சட்டி துருவேறிக் கிடந்தால், கடைக்குப் போகும் முன் அதை இறக்கிச் சுண்டிப் பார்க்கலாம். கணீரென்று ஒலித்தால் புதிது வாங்கும் செலவே மிச்சம்.