இமயமலையின் ஜாதகம் கல்லுக்குள் இருக்கிறது!

1954-ம் ஆண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகத் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார் டெட் இர்விங். இருபதுகளில் இருந்த இளைஞர். தேர்வாளர்கள் ஏட்டை ஏற்கவில்லை. பட்டம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் கேம்பிரிட்ஜில் செய்த வேலையில் இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய செய்தி இருந்தது. இந்த நிலப்பரப்பு ஒருகாலத்தில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வெகுதூரத்தில் கிடந்தது. அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நகர்ந்து வந்திருக்கிறது. சாட்சி சொன்னவை சில கற்கள்.

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானியர் ஆல்ஃபிரட் வெகெனர் 1912-லேயே சொன்னார். 1930-ல் கிரீன்லாந்தின் பனியில் அவர் இறந்தபோதும் பெரும்பாலான புவியியல் அறிஞர்கள் அதை நம்பவில்லை. இர்விங் ஆய்வு செய்த நாட்களிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

சரி, பேசாத கல் எப்படிச் சாட்சி சொல்லும்?

ஒருவருக்கு ஜாதகம் எழுத வேண்டுமானால் பிறந்த நேரமும் வேண்டும், பிறந்த ஊரும் வேண்டும். பாறைக்கும் அப்படித்தான். அது பிறந்த காலத்தை அதிலுள்ள கதிரியக்கத் தனிமங்களை வைத்துக் கணக்கிடலாம். பிறந்த இடத்தைச் சொல்வது காந்தம்.

எரிமலைக் குழம்பு ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வெளியே வருகிறது. அதற்குள் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்புத் தாது பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். சேலம் கஞ்சமலையில் கிடைக்கிறதே, அதே தாதுதான். குழம்பு ஆறி 580 டிகிரிக்குக் கீழே வந்ததும் இந்தத் துகள்கள் காந்தமாகின்றன. அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் அந்த இடத்தில் எந்தப் பக்கம் இருந்ததோ, அந்தப் பக்கம் பார்த்தபடி உறைந்துபோகின்றன. அதன்பிறகு கோடி ஆண்டு போனாலும் அந்தப் பதிவு பெரும்பாலும் அழியாது.

இதில் முக்கியமானது ஊசியின் சாய்வு. காந்த ஊசியை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால், துருவத்தில் அது செங்குத்தாக நிற்கும். காந்த நடுக்கோட்டில் படுத்துக்கொள்ளும். அந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. அதனால் திருநெல்வேலியில் ஊசி ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்கும். அதையே லடாக்கில் தொங்கவிட்டால் ஐம்பது டிகிரிக்கும் மேல் தரையை நோக்கிச் சாய்ந்துவிடும். ஆக, பாறைக்குள் உறைந்த சாய்வைத் தெரிந்துகொண்டால் அது எந்த அட்சரேகையில் பிறந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். கிழக்கு மேற்காக எங்கே இருந்தது என்பதை மட்டும் இந்த முறையால் சொல்ல முடியாது.

கல்லின் காந்தம் மிகவும் பலவீனமானது. அதை அளக்க உதவிய கருவிக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட்டுக்கு, சுழலும் எந்தப் பொருளும் காந்தம் உண்டாக்குமோ என்று ஒரு சந்தேகம். சோதித்துப் பார்க்க இங்கிலாந்து வங்கியிடமிருந்து 15 கிலோ சொக்கத் தங்கத்தை இரவல் வாங்கினார்! அவர் நினைத்தது தவறு என்று தெரிந்தது. ஆனால், அதற்காக அவர் உருவாக்கிய நுட்பமான காந்தமானி, கற்களை அளக்க அருமையாகப் பயன்பட்டது.

தக்காணம் சொன்ன கணக்கு

இந்தியக் கற்களைச் சோதிக்கச் சொன்னதில் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷருக்குப் பங்கு உண்டு. வெகெனர் சொன்னது சரி என்றால் மற்ற கண்டங்களைவிட இந்தியாதான் வடக்கே அதிக தூரம் வந்திருக்க வேண்டும். அதனால் மாற்றம் அங்கே பளிச்சென்று தெரியும் என்பது யோசனை. மகாராஷ்டிராவையும் சுற்றுப்புறத்தையும் மூடிக் கிடக்கும் தக்காண எரிமலைப் பாறைகள் இதற்கு வாகாக அமைந்தன. அவற்றின் வயது சுமார் 6.6 கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிந்த காலம்.

அந்தப் பாறைகளின் சாய்வு இன்றைய புனேவின் சாய்வோடு ஒத்துப்போகவில்லை. இன்று புனே இருப்பது வடக்கு அட்சரேகை 18 டிகிரியில். பாறைகளோ தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியைக் காட்டின. வித்தியாசத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் ஐந்தாயிரத்துக்கும் மேல். போதாததற்கு, வரும் வழியில் இந்தியா கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திரும்பியும் இருந்தது.

பிளாக்கெட்டின் குழுவும், மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் தக்காணக் கற்களை மீண்டும் மீண்டும் அளந்தார்கள். இந்தியா நகர்ந்தது என்பதே முடிவு. பட்டம் கிடைக்காத இர்விங், ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதே கேம்பிரிட்ஜ் 1965-ல் அவருக்கு உயரிய அறிவியல் முனைவர் பட்டம் கொடுத்தது. அதற்குள் கடலடிப் பாறைகளும் அதே கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தன.

மடிந்த பாயில் வரைந்த அம்புகள்

வடக்கே வந்த இந்தியா ஆசியாவோடு மோதி, நடுவில் இருந்த டெதிஸ் கடல் மூடி, இமயமலை எழும்பியது. இது பள்ளிக்கூடப் பாடம். எப்போது மோதியது, எங்கே மோதியது, ஒரே மோதலா என்று கேட்டால்தான் சிக்கல்.

மலைப்பகுதியில் கல்லின் காந்தத்தைப் படிப்பது தக்காணம் போல சுலபமில்லை. பாறை அடுக்குகள் நசுங்கி, மடிந்து, தலைகீழாகவும் கிடக்கும். மலை எழும்பியபோது ஏற்பட்ட சூட்டில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறியிருக்கலாம். உச்சிகளில் விழுந்த மின்னல்கூடக் கல்லின் காந்தத்தைக் கெடுத்துவிடும். எனவே சிறிய உருளைகளாகத் துளைத்தெடுத்த கல்லை ஆய்வகத்தில் படிப்படியாகச் சூடேற்றி, மேலே படிந்த புதிய காந்தத்தை முதலில் நீக்குகிறார்கள்.

பிறகு 1949-ல் அமெரிக்கர் ஜான் கிரஹாம் சொன்ன மடிப்புச் சோதனை. ஒரு கோரைப்பாயில் எல்லாமே வடக்கே பார்க்கும்படி அம்புக்குறிகள் வரைந்துவிட்டு, பாயை மடிப்பு மடிப்பாகத் தள்ளுங்கள். அம்புகள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். விரித்தால் பழையபடி ஒரே திசை. மடித்த பிறகு வரைந்த அம்புகளோ, விரித்ததும் சிதறிப்போகும். ஆய்வாளர்கள் மலையின் மடிப்பைக் கணக்கில் விரித்துப் பார்க்கிறார்கள். காந்தத் திசைகள் ஒன்று சேர்ந்தால், அந்தக் காந்தம் மலையைவிட மூத்தது. நம்பலாம்.

லடாக்கின் கர்துங் பகுதி எரிமலைப் பாறைகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு இப்படிச் சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டது. 6.2 முதல் 6.6 கோடி ஆண்டு வயதுள்ள அந்தப் பாறைகள் பிறந்தது வடக்கு அட்சரேகை 8 டிகிரியில்! ஐந்தாறு டிகிரி முன்பின் இருக்கலாம். இன்றைய கன்னியாகுமரி இருக்கும் அட்சரேகை அது. லே நகரம் இன்று இருப்பது 34 டிகிரியில்.

அப்போது ஆசியாவின் தெற்கு ஓரம் அதற்கு வெகுதூரம் வடக்கே இருந்தது. அப்படியானால் லடாக், டெதிஸ் கடலின் நடுவே இன்றைய இந்தோனேசியா போல ஓர் எரிமலைத் தீவு வரிசையாக இருந்திருக்க வேண்டும். வடக்கே விரைந்த இந்தியா 5 முதல் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முதலில் இந்தத் தீவுகளில் மோதியது. இரண்டும் சேர்ந்து சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதின என்கிறது இந்தக் குழு. அதாவது இமயம் இரண்டு மோதல்களில் பிறந்த பிள்ளை.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தெற்குத் திபெத்தில், இந்தியாவின் வடக்கு விளிம்பில் படிந்த பழைய வண்டல் பாறைகளில், ஆசியாவிலிருந்து அடித்துவரப்பட்ட மணல் துகள்கள் கிடைத்திருக்கின்றன. அந்த வண்டலின் வயது சுமார் 5.9 கோடி ஆண்டு. நடுவில் பெரிய கடல் இருந்திருந்தால் ஆசியாவின் மணல் எப்படி இந்தியாவுக்கு வந்திருக்கும் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. நியாயமான கேள்விதான். வண்டல் பாறையின் காந்தத்திலும் ஒரு வம்பு உண்டு. மேலே பாரம் ஏற ஏறத் துகள்கள் அமுங்கிப் படுத்துவிடும். அதனால் உண்மையில் இருந்ததைவிடப் பூமத்திய ரேகைக்கு அருகில் பிறந்ததுபோலப் பொய்க் கணக்குக் காட்டும். எரிமலைப் பாறையில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் ஒவ்வொரு குழம்பும் உறைந்த அந்த ஒரு நொடியின் காந்தத்தைத்தான் பிடித்துவைத்திருக்கும். காந்தப்புலமோ எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் பல அடுக்குகளைத் துளைத்துச் சராசரி எடுத்தால்தான் சரியான அட்சரேகை கிடைக்கும். அப்படிப்பட்ட அடுக்குகளோ, சாலை எட்டாத பள்ளத்தாக்குகளில், வருடத்தில் பல மாதம் பனிக்கு அடியில் கிடக்கின்றன.